அவள் அளவுக்குத் தைத்த சீட்டு

கோணூசி என்ற பெயர் அவளுக்கு ஒரு கார் புரோக்கரின் கை வழியாக வந்தது. குஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். பின்சீட்டுக்கு உறை மாட்டக் குனிந்திருந்தவளின் இடுப்பில் அந்த ஆள் சாவகாசமாகக் கை வைத்தான். அவள் கத்தவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துச் சீட்டின் மேல் அழுத்தினாள். கோணூசியால் உறையோடு சேர்த்து ஒரு தையல் போட்டாள். சாக்கு தைக்கிற ஊசி அது, ஒரு சாண் நீளம். புரோக்கர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்டில் கடைசல் இயந்திரம் நின்றது. ஓடிவந்த முதலாளி முதலில் உறையில் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தார், பிறகுதான் கையைப் பார்த்தார். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

அது நடந்து இருபத்தோரு வருஷம். அதே கடை, அதே மேஜை, அதே பசை நெடி. நாலடி பத்தங்குல உயரம் அவளுக்கு. சீட்டு தைக்கிற தொழிலில் குள்ளமாக இருப்பது ஒரு சௌகரியம்; ஸ்டீயரிங்குக்கு அடியில் மற்றவர்கள் கையை மட்டும் விட்டுத் தடவுகிற இடத்தில் அவள் முழு ஆளாகப் புகுந்து உட்கார்ந்துவிடுவாள். கடைக்கு வரும் கார்களை உள்ளே ஏற்றுவதும் வேலை முடிந்ததும் வெளியே இறக்குவதும் அவள்தான். ஒரு நாளைக்கு மூன்று கார், நாலு கார். கணக்குப் பார்த்தால் அந்த ஊரில் அவளைப்போல இத்தனை கார் ஓட்டியவர்கள் யாரும் கிடையாது. எல்லாம் முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி. கடை வாசலில் ஒரு சாக்கடை மூடி உண்டு. கடைக்கு வந்த கார் எதையும் அவள் அதைத் தாண்டி ஒரு சக்கரம்கூட உருட்டியதில்லை.

வீட்டுக்காரர் என்றால் நம் பேச்சில் இரண்டு அர்த்தம். அவளுக்கு இரண்டு பேருமே இருந்தார்கள். ஒருவர் மாதம் ஒருமுறை வந்து வாங்கிக்கொண்டு போவார். இன்னொருவர் லாரியை விட்டு இறங்கும்போதெல்லாம் கொடுப்பார்.

கொடுப்பவர் ஆறடி ஆள். லாரியில் முப்பது வருஷம் உட்கார்ந்து, உட்கார்ந்த இடமெல்லாம் பெருத்துப்போன உடம்பு. அவர் அடிப்பதிலும் ஒரு தொழில் நேர்த்தி இருந்தது. முதலில் ஜன்னலைச் சாத்துவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பார். கடிகாரம் கழன்றுவிட்டால் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள், நாக்கு நடுவில் மாட்டக்கூடாது என்பதற்காக. இடது காதில் அவளுக்குப் பாதிதான் கேட்கும். விலா எலும்பில் ஒன்று கூடின இடம் மழைநாளில் தெரியும். காரணம் என்று எதையும் தேட வேண்டியதில்லை. டீசல் விலை ஏறினாலும் அடி, சோறு ஆறினாலும் அடி.

கடையில் அத்தனை பேர் எதிரில் ஒருத்தன் கையைத் தைத்தவள், வீட்டில் ஏன் வாங்கிக்கொண்டு நின்றாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வியை அவள் தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டது மட்டும் எனக்குத் தெரியும். மகளுக்குப் பதினேழு வயது இருக்கும்போது நடந்தது அது. அம்மாவை அடிக்கும்போது மகள் நடுவில் வந்து நின்றாள். அப்பா அவளுடைய இடது கையைப் பிடித்து முதுகுப் பக்கம் வளைத்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. அப்போது கோணூசி இரண்டடி தூரத்தில்தான் நின்றாள். ஊசி அவள் கொண்டையில் செருகியிருந்தது. அவள் கை ஊசி வரைக்கும் போயிற்று, எடுக்கவில்லை. உடம்பில் விழுந்த அடிகளையெல்லாம் மறந்துபோகிறவள், இதை மட்டும் மறக்க முடியாமல் கிடந்தாள்.

மாவுக்கட்டு பிரித்த வாரமே மகள் வீட்டை விட்டுப் போனாள். கை ஒடிந்த இடத்தில் கூடியது, ஆனால் முழங்கை முழுசாக நிமிரவில்லை. சற்று மடங்கினபடியே நின்றுவிட்டது. இப்போது ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஊரில், ரத்தம் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை. வாரம் ஒருமுறை கடைக்கு போன் பண்ணுவாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே பேச்சுதான்.

"தனியா வாம்மா. அவரு நிழல்கூட இங்க விழக்கூடாது. வந்துட்டா நீ திரும்பிப் போக வேணாம்."

பஸ்ஸில் போயிருக்கலாமே என்றால், போனாள். இரண்டு தடவை போனாள். பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கிறவர் வீட்டுக்காரரின் உயிர்த்தோழர். முதல் தடவை பஸ் கிளம்புவதற்குள் வீட்டுக்காரருக்குத் தகவல் போய்விட்டது. இரண்டாம் தடவை பஸ் பாதித் தூரம் போன பிறகு லாரி குறுக்கே வந்து நின்றது. இரண்டு தடவையும் தலைமுடியைப் பிடித்து, படிக்கட்டு படிக்கட்டாக இறக்கினார். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் ஜன்னல் வழியாகச் சாலையில் ஏதோ அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சொந்த வண்டி என்ற எண்ணம் அவள் தலைக்குள் புகுந்தது. மெக்கானிக் கூடமாட ஒத்தாசை செய்ய, ஓட்டுநர் உரிமமும் எடுத்துவிட்டாள். பக்கத்து ஷெட்டில் என்ஜின் வேலை பார்க்கிறவன் அவன். அவளை அக்கா என்று கூப்பிடுவான், அதற்குத் தகுந்தாற்போல நடந்தும் கொள்வான்.

கார் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஓடி வரவில்லை, இழுத்து வந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தின ஸ்போர்ட்ஸ் கார், பாசிப் பச்சை நிறம், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அகல வாயும் தட்டை மூக்குமாக இருந்ததைப் பார்த்து மெக்கானிக் அதற்குக் கெளுத்தி என்று பெயர் வைத்தான். மடக்குகிற துணிக்கூரை. உள்ளே இரண்டே இரண்டு சீட்டு. கதவைத் திறந்த கோணூசிக்கு முதலில் வந்தது நாற்றம். கசாப்புக் கடையின் பின்வாசலில் வருகிற நாற்றம், பழசாகி இனித்துப்போனது.

கொண்டுவந்தவன் ஓர் இளைஞன். செத்தவருடைய மகன். அவனுடைய அப்பா சாலைச் சந்திப்பில் விளக்குக்காகக் காத்திருந்தபோது, அவருடைய பங்காளி பின்னால் நடந்து வந்து, துணிக்கூரை வழியாகவே கத்தியை இறக்கியிருக்கிறான். ஒரு வரப்புத் தகராறு. பங்காளி உள்ளே இருக்கிறான், அப்பா மண்ணுக்குள் இருக்கிறார், வரப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. காரை விற்க வேண்டும், அதற்கு முன்னால் சீட்டைப் பிரித்துப் புதுசாகப் போட வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

கோணூசிதான் பிரித்தாள். கூரைத் துணியில் பதினோரு கிழிசல். சீட்டின் முதுகில் ஏழு. தைக்கிறவள் ஆனதால் தானாகவே எண்ணிவிட்டாள். மீதி நாலும் சீட்டுக்கு மேலே, கழுத்துக்குப் போயிருக்க வேண்டும். உறையை உரித்தபோது ஃபோம் கறுத்து, பலகைபோல இறுகிக் கிடந்தது. அதைக் கையால் பிய்த்துப் பிய்த்துக் கோணியில் போட்டாள். முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். அவள் பாட்டுக்குப் பிய்த்தாள். அடிச்சட்டம் வரைக்கும் சுத்தமாகப் பிரித்து முடித்து, வெறும் இரும்புச் சட்டத்தில் ஒரு கோணியை மடித்துப் போட்டு, அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். காரின் நீளமான மூக்கு முன்னால் நீண்டுகொண்டே போயிற்று. அந்த நிமிஷம் அவளுக்கு அந்தக் கார் வேண்டும் என்று தோன்றியது. நியாயம், காரணம் எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

சேர்த்துக்கொண்ட காரணம் ஒன்றும் சொத்தையில்லை. நாலு சீட்டு உள்ள கார் வாங்கினால் வீட்டுக்காரர் ஒன்றில் ஏறி உட்காருவார். இதில் இரண்டுதான். ஒன்று அவளுக்கு, ஒன்று மகளுக்கு. அவருக்கு இடமே கிடையாது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொஞ்சக் காசில் வாங்குகிறவன் தரைவிரிப்பைத் தூக்கித் துருவைப் பார்க்கணும், எண்ணெய்க் குச்சியை உருவி நிறத்தைப் பார்க்கணும், கடைசியாக விற்கிறவன் மூஞ்சியைப் பார்க்கணும் என்பான் மெக்கானிக். அவன் பார்த்தான். தரையில் துரு உள்ளங்கை அகலம்தான். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதிரிக் காரில் ஆளை முழுங்குகிற செலவு இரண்டு. ஒன்று சீட்டு, இன்னொன்று கூரை. அது இரண்டும் அவளுக்குக் கைவேலை. விற்கிறவன் மூஞ்சியோ, காரை எப்போது தலைமுழுகலாம் என்று இருந்தது. மூன்று புரோக்கர்கள் வந்து பார்த்துவிட்டு, கதை தெரிந்ததும் கதவைத் தொட்ட கையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். இனிமேல் காயலான் கடைதான் என்று அவன் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கோணூசி குறுக்கே போய் நின்றாள். காயலான் கடைக்காரன் தருவதற்கு மேல் தான் தருவதாகச் சொன்னாள்.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா, அந்த சீட்லதான் எங்கப்பா..."

"தெரியும் தம்பி. நான்தானே பிரிச்சேன்."

"பயமா இல்லையா?"

"எங்க வீட்ல பாக்காத ரத்தமா?" என்றாள்.

பணம் அவள் தினமும் உட்கார்ந்து தைக்கிற முக்காலியின் மெத்தைக்குள் இருந்தது. ஆறு வருஷமாக அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார், தலையணையைக் கிழித்துப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி எதன் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று மட்டும் பார்த்ததில்லை. முக்காலியைக் கிழித்துக் கொடுத்த பிறகு அதில் எஞ்சியது கொஞ்சம் சில்லறை.

அந்தச் சில்லறைதான் பிற்பாடு நடந்ததற்கெல்லாம் வித்திட்டது. ஓட்டுநர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற தண்டவாளம் துருவேறி உதிர்ந்துபோயிருந்தது. புதுசு வேண்டுமென்றால் கடல் தாண்டி வர வேண்டும், அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு வருஷம் தைக்க வேண்டும். அவள் யோசிக்கவில்லை. கடையில் வாடிக்கையாளருக்கு அளவெடுப்பதுபோலத் தனக்கே அளவெடுத்தாள். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம், முதுகு உயரம், கை நீட்டம். அந்த அளவுக்குச் சீட்டை முன்னால் தள்ளி, தரையோடு வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னாள். மெக்கானிக் பற்றவைக்கிற கோலைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினான்.

"அப்புறம் நகத்த முடியாதுக்கா. உங்களத் தவிர வேற யாரும் ஓட்ட முடியாது."

"வேற யாரு ஓட்டணும்?"

அவன் பற்றவைத்தான். அவள் முதுகுக்கு ஃபோமைத் தடிமனாக வைத்து, இரண்டு பக்கமும் விலாவைப் பிடிக்கிற மாதிரி மேடு எழுப்பி, கறுப்பு ரெக்சினில் தைத்தாள். கூரைக்கும் புதுத் துணி போட்டாள். பக்கத்துச் சீட்டுக்கு மகளின் அளவு மனதில் இருந்தது. அந்தப் பக்கக் கதவில், முழுசாக நிமிராத ஒரு முழங்கை சாய்ந்துகொள்ளத் தோதான உயரத்தில், ஒரு சின்ன மெத்தை வைத்தாள். மற்ற எல்லாத் தையலையும் இயந்திரத்தில் அடித்தவள் அதை மட்டும் கையால் தைத்தாள்.

கிளம்புகிற நாள் ஒரு புதன்கிழமை. வீட்டுக்காரர் மூன்று நாள் லோடு ஏற்றிப் போயிருந்தார், அதாவது போயிருக்க வேண்டும். லோடு கேன்சலாகிவிட்டது. பஸ் நிலையத்துத் தோழருடன் டீ குடிக்கும்போது, உன் வீட்டம்மா ஷெட்டுக்குள்ள பச்சைக் கார் ஓட்டுறாளாமே என்று அவர் கேட்டிருக்கிறார். காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் கடைக்குள் நடந்து வந்தார். கோணூசி காருக்கு வெளியே, பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேல்பையில் போட்டார்.

வரிசையில் ஆறு ஷெட்டு. ஒவ்வொன்றிலும் சம்மட்டி பிடிக்கிற கைகள். எல்லாக் கையும் சட்டென்று வேலையில் மும்முரமாயிற்று. முதலாளி மேஜைக்கு அடியில் அளவு நாடாவைத் தேடினார். நாடா அவர் கழுத்தில் கிடந்தது. மெக்கானிக் ஒருத்தன்தான் ஸ்பேனரோடு முன்னால் வந்தான். வீட்டுக்காரர் அவன் வாயில் ஒரே குத்து விட்டார். அவன் ஸ்பேனரையும் ஒரு பல்லையும் சேர்த்துக் கீழே போட்டான்.

அப்புறம் கொண்டையைப் பிடித்தார். ஊசி நழுவித் தரையில் உருண்டது. அவள் முகத்தைக் கார்க் கதவின் விளிம்பில் ஒருமுறை மோதினார். புருவம் பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. இரண்டாவது மோதலில் கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தார், பழைய எலும்பு கூடின அதே இடத்தில். அவள் இடது கைக்குள் சாவி இருந்தது. விரித்துத் தரவில்லை. அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்பக்கம் வளைத்தார், வளையாத இடத்துக்கு அப்பாலும் வளைத்தார். விரல் ஒடிந்தது, சாவி விழுந்தது.

"பொண்டாட்டி காருன்னா அது யாரு காருடி?" என்றார். தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அவள் வாயில் ரத்தம் ஊறியிருந்தது. துப்பிவிட்டுச் சொன்னாள். "அந்த சீட்டு உங்களுக்குப் பத்தாதுங்க."

அவள் சொன்னது அளவு. அவர் காதில் விழுந்தது வேறு. முப்பது வருஷம் பதினாறு டன் லாரி ஓட்டின தனக்கு இந்தத் தகர டப்பா பத்தாதா என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்து, உடம்பை உள்ளே திணித்தார். திணித்தார் என்றால் திணித்தார்தான். தொப்பை ஸ்டீயரிங்கில் அழுந்தியது. முழங்கால் இரண்டும் டேஷ்போர்டுப் பலகையில் முட்டி, ஸ்டீயரிங் வளையத்துக்கு இரண்டு பக்கமும் விரிந்து சிக்கின. ஒரு மனுஷனுக்கு அந்த இடத்தில் ஏறிய பிறகாவது உறைத்திருக்க வேண்டும். ஆறு ஷெட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்கும்போது இறங்குவதாவது? சாவியைத் திருகினார்.

ஷெட்டு வரிசையிலிருந்து தெரு சரிந்து இறங்கி, லாரி எடைமேடைக்கு எதிரில் பெரிய சாலையில் சேர்கிறது. கார் சாக்கடை மூடியைத் தாண்டிக் குதித்து ஓடியது. அவருடைய வலது காலால் அழுத்த முடிந்தது. எடுக்க முடியவில்லை. பிரேக்குக்குக் காலை மாற்ற முழங்காலைத் தூக்க வேண்டும். முழங்கால் மேலே பலகையிலும் பக்கத்தில் வளையத்திலும் மாட்டிக்கொண்டு நின்றது. சரிவில் பாதி போனதும் அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. எடைமேடையின் கான்கிரீட் தூணில் கெளுத்தி மூக்கோடு போய் மோதியது.

பெரிய மோதல் என்று சொல்ல முடியாது. ரேடியேட்டர் பிளந்தது, ஒரு பக்க மட்கார்டு சுருண்டது. சீட்டில் அளவாக உட்கார்ந்திருப்பவனுக்கு நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போயிருக்கும். அவருக்கு நடுவில் இடைவெளியே இல்லை. இரண்டு முழங்கால் சில்லும் நொறுங்கி, வலது தொடை எலும்பு இரண்டாகி ஒரு முனை தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. ஸ்டீயரிங் வயிற்றில் புதைந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் போட்ட அலறலில் விட்டுவிட்டார்கள். அடியில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் அடித்த சீட்டை அறுக்க மெஷின் கொண்டுவந்தால் ஒரு பொறி போதும், மொத்தமும் எரியும்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோணூசி வந்தாள். ஒரு கண் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் ரெக்சின் வெட்டுகிற கத்தி. கூட்டம் தானாக வழிவிட்டது. எல்லோரும் அவள் எதற்கு வருகிறாள் என்று ஒன்று நினைத்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை.

அவள் சீட்டுக்கும் மடக்கின கூரைக்கும் நடுவில் இருந்த குறுகின இடத்தில் புகுந்து மண்டியிட்டாள். பங்காளியின் கத்தி இறங்கின அதே இடம். சீட்டுக்கு மேல் தெரிந்த அவருடைய முதுகு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டி, முதுகின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. அவளுக்கு ஆசை வந்தது. இதை மழுப்ப வேண்டியதில்லை. மகளின் கை ஒடிந்த சத்தம் நல்ல காதிலும் கேட்டது, கெட்ட காதிலும் கேட்டது. கத்தியைப் பிடித்த கை அவள் கையாகவே இல்லை. ஆனால் இங்கே குத்தினால் போலீஸ் வண்டியில்தான் போக வேண்டும். அவளுக்குப் போக வேண்டியது மகள் வீடு. ஆறு வருஷம் ஒரு முக்காலி மேல் உட்கார்ந்து சேர்த்த வழியை அந்த ஆளின் முதுகில் போய்ச் செலவு பண்ணுவதா?

தான் தைத்த தையலின் மேல்நுனியில் கத்தியை வைத்துக் கீழ்வரைக்கும் இழுத்தாள். கத்தி முதுகை உரசிக்கொண்டு இறங்கியபோது அவருடைய அலறல் நின்றது. மூச்சுக்கூட நின்றது. யார் பின்னால் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"மெதுவா," என்றார். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

விலாவைப் பிடித்த மேடுகளை அறுத்தெறிந்தாள். முதுகு ஃபோமை வாரி வாரி வெளியே போட்டாள். பின்பக்கம் அரையடி இடம் கிடைத்ததும், இரும்புச் சட்டத்தோடு ஒட்ட அவரைப் பின்னால் சாய்த்துப் பக்கவாட்டில் உருவி எடுத்தார்கள். தொடை எலும்பு வெளியே நின்ற காலைத் தூக்கும்போது அவருக்கு நினைவு தப்பியது. கிழிந்த சீட்டில் இரண்டாவது மனுஷனுடைய ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அது காருக்காக வந்த அழுகை.

போலீஸ்காரர் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு இதை யார் இப்படிப் பற்றவைக்கச் சொன்னது என்று கேட்டார். நான்தான், என் காரு, என் அளவு என்றாள். அவருக்குப் பத்தாதுன்னு இந்த அம்மா சொன்னது எங்க எல்லாருக்கும் கேட்டது சார் என்றார்கள் ஷெட்டுக்காரர்கள். அடிக்கும்போது ஊமையாக இருந்தவர்களுக்கு அன்றைக்கு மதியமே பேச்சு வந்துவிட்டது. புருவத்தில் ஆறு தையல், விரலில் கட்டு, விலாவில் கட்டு எல்லாவற்றையும் போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். வெறுமனே எழுதிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனாள். இரண்டு காலையும் கட்டி, எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள். நடக்க ஒரு வருஷம் ஆகும், லாரி ஓட்டுவது என்பது இனி இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் குனிந்து பிளாஸ்க்கை வைக்கும்போது அவர் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார். கட்டுப் போட்டிருந்த விரலைத் தன் கைக்குள் வைத்து மெல்ல நெரித்தார். கால்தான் போயிருந்தது, கை அப்படியேதான் இருந்தது.

"வேணும்னேதானடி அப்படி தைச்ச?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "சொல்லு. வேணும்னேதான?"

அவளுக்கு வலியில் கண் இருட்டியது. வலது கை கொண்டைக்குப் போயிற்று. இந்தத் தடவை எடுத்தது. கோணூசியின் முனையை அவருடைய புறங்கையில், நரம்பு ஓடுகிற இடத்தில் வைத்து அழுத்தினாள். தோல் குழிந்து, முனை உள்ளே இறங்கி, ஒரு சொட்டு ரத்தம் எழும்பி உருண்டு மெத்தை விரிப்பில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நெல் நீளம் இறக்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். புரோக்கரின் கதை அவருக்கும் தெரியும், சிரித்துச் சிரித்து ஊருக்கெல்லாம் சொன்னவரே அவர்தான். பிடி தளர்ந்தது.

"ஆமா," என்றாள். "வேணும்னேதான் தைச்சேன். எனக்கு வேணும்னு தைச்சேன்."

ஊசியை அவருடைய போர்வையிலேயே துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். வாசலில் நாத்தனார் வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம், உள்ளே பிளாஸ்க்கில் கஞ்சி சூடாக இருக்கிறது, ஆற்றிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

காரைச் சரிபண்ண ஐந்து வாரம் ஆயிற்று. மெக்கானிக், பல் போன ஓட்டை வழியாகக் காற்று வர, மட்கார்டை அடித்து நிமிர்த்தினான்; முழுசாக நிமிரவில்லை. கெளுத்தியின் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. இப்போதாவது சீட்டை நகர்கிற மாதிரி வைத்துத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அதே அளவில், அதே கறுப்பு ரெக்சினில், விரல் கட்டோடு திரும்பத் தைத்தாள்.

கிளம்பினபோது காலை ஒன்பது மணி. சாக்கடை மூடியில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. பஸ் நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நேரம் குறிக்கிறவர் வாசலில் நோட்டோடு நின்றிருந்தார். கோண வாய்ப் பச்சைக் காரையும் அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த குள்ளப் பெண்பிள்ளையையும் பார்த்தார். பழக்க தோஷத்தில் கை சட்டைப்பைக்குப் போய் போனை எடுத்தது. எண்ணைத் தேடி, காதில் வைக்கப் போனவர், அப்படியே நின்றார். அந்தப் பக்கம் எடுக்கிற ஆளால் எழுந்து வர முடியாது.

அவள் அவரைப் பார்த்து ஹாரன் அடித்தாள், நீளமாக. அப்புறம் பெரிய சாலையில் திருப்பினாள். பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் இருந்தது. அதில் உட்கார வேண்டியவள் ஆறு மணி நேரத் தூரத்தில் இருந்தாள்.